கொடிக்காரரின் மச்சினன்

அந்த ஏரிக்கரை ஊருக்கு வருஷத்தில் ஒருநாள்கூட ஓய்வு கிடையாது. கோடையில் படகு, மழை ஓய்ந்தால் தூண்டில், குளிரில் ஏரி உறைந்தால் அதன்மேல் சறுக்கு. எதுவும் வேண்டாதவர்களுக்குப் பழைய கோட்டை இருக்கிறது. அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, பசிக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள்.

படகுத்துறையை நடத்துகிறவரை எல்லோரும் கொடிக்காரர் என்பார்கள். காற்று பலத்தால் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவார். ஏற்றினால் ஒரு படகும் ஓடக் கூடாது. வீட்டில் சிடுமூஞ்சி. ஊர் பார்க்க வந்தவர்களிடம் மட்டும் பேச்சில் தேன் ஒழுகும். "பாத்து வாங்கம்மா, பலகைய புடிச்சுக்குங்க" என்று ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றிவிடுவார்.

யாராவது மூழ்கிப்போனால் மட்டும் அந்தக் கொடி ஏறாது. அது அவரே கொண்டுவந்த வழக்கம். முதல் படகு கிளம்பும் முன்னும் கடைசிப் படகு திரும்பிய பின்னும்தான் தேடுவார்கள். பிணத்தைப் பார்த்தவர்கள் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்களா என்பது அவர் நியாயம். விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் தலையாட்டினார்கள். போனவர்களின் சொந்தக்காரர்களைப் பின்பக்க அறையில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை. மரத்துப்போன மனிதர், அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் மூழ்கியது அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அவள் இடுப்பில் வளர்ந்தவன். அதே துறையில் படகோட்டி. வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். ஒருநாள் மாலை, கட்டு அவிழ்ந்து மிதந்துபோன மிதிபடகைப் பிடிக்க நீந்திப் போனான். படகு காற்றில் தானாகக் கரை சேர்ந்தது. அவன் சேரவில்லை. இருட்டும்வரை ஏரியின் நடுவில் தேடினார்கள். விடிந்ததும் தேடினார்கள். அதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. கொடிக்காரர் முதல் படகை அனுப்பினார்.

பின்பக்க அறையில் அவர் மனைவி டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியதும் எழுந்து துறைக்கே வந்துவிட்டாள்.

"கொடிய ஏத்துங்க."

"கொஞ்சம் பொறு. சாயங்காலம்..."

"மோட்டார் ஓடி ஓடித் தண்ணியே கலங்கிக் கெடக்கு. சாயங்காலம் எதைப் பாப்பீங்க?"

"நம்ம வீட்டு ஆளுன்னா மட்டும் நிறுத்துறான்னு நாலு பேர் கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்க வேண்டியதுதானே? போன வருஷம் முழுகிப்போன அந்தப் பொண்ணோட அப்பா உங்க காலைப் புடிச்சு அழுதாரே, அன்னைக்கு ஏத்தினீங்களா? நானும் வெக்கமில்லாம, என் புருஷனுக்கு எவ்ளோ பொறுப்புன்னு ஊரெல்லாம் பெருமை பேசினேன்."

 அவர் கம்பத்துக் கயிற்றை இழுத்துக் கொடியை ஏற்றினார். "காத்தே இல்லையே, எதுக்கு நிறுத்துறீங்க?" என்று வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மோட்டார்கள் அடங்கின. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. கொக்கிக் கழியோடு படகோட்டிகள் ஏரி நடுவுக்குக் கிளம்பும்போதே அவள் அலறினாள். படகேறும் பலகைக்கு நேர் கீழே, தூண்களுக்கு நடுவில் அவன் கிடந்தான். அறுந்துபோனதென்று துறையாட்கள் எப்போதோ கீழே தள்ளிவிட்ட கயிறு காலில் சுற்றியிருந்தது. பாவி, கரைவரைக்கும் நீந்தி வந்திருக்கிறான். கால் எட்டுகிற இடத்தில் போய்ச் செத்திருக்கிறான். காலையிலிருந்து கொடிக்காரர் அவன் தலைக்கு மேல் நின்றுதான் ஜனங்களைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

மேலே தூக்கியதும் அவர் ஓடிப்போய்க் குனிந்து, அவன் தலையைத் தாங்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க தொடாதீங்க."

படகோட்டிகள் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவள் பின்னாலேயே போனாள். கொடிக்காரர், வேடிக்கை பார்த்து நின்ற வெளியூர்க்காரர்களோடு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.