தெளித்தால் சாகாத கரப்பான்

புழு அக்கா என்றால்தான் அந்தக் கடல் ஆய்வுக்கூடத்தில் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே திருதிருவென்று விழிப்பார். அடித்தளத்தில் குளிரூட்டிய அறை, வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், தொட்டியில் மணல், மணலுக்குள் பாவாடை நாடா மாதிரி நீள நீளமாகப் பழுப்புப் புழுக்கள். அவற்றுக்குத் தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, தாஜா பண்ணி வைத்திருப்பது அவள் வேலை. தாஜா என்று சும்மா சொல்லவில்லை. மிரண்டால் அந்தப் புழு துண்டு துண்டாக அறுந்துபோகும். அப்படி ஒரு தொட்டாற்சிணுங்கி. அதனால் ஒரு தட்டில் எடுத்து விட்டு, பஞ்சுக் குச்சியால் மெல்ல நீவிக்கொண்டே, "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல" என்பாள். கொஞ்ச நேரத்தில் அதன் மேல்தோலில் கோழை சுரக்கும். விஷம் இருப்பது அந்தக் கோழையில்தான். அதை வழித்துக் குப்பியில் சேர்த்து மேல்மாடிக்கு அனுப்புவாள்.

மேல்மாடியில் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் அதைப் பிரித்து, பெப்டைடு என்கிற குட்டிப் புரதத்தைத் தனியே எடுத்தார். அதில் துளியிலும் துளியை ஊசியால் ஏற்றினால் போதும், கரப்பான் பூச்சி கால் விறைத்து மல்லாந்துவிடும். அது பூச்சியின் நரம்பைத்தான் குறிவைக்கிறது, மனிதர் நரம்பில் அவ்வளவாக ஒட்டுவதில்லை என்று தெரிந்தபோது ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் குதித்தது. ஆளுக்குக் கெடுதல் செய்யாத பூச்சி மருந்து கிடைத்துவிட்டதாகவே எல்லாரும் நினைத்தார்கள். புழு அக்காவுக்கு உடனே தம்பி ஞாபகம் வந்தது.

தம்பி பூச்சி மருந்து அடிக்கிறவன். கிடங்கு, ஓட்டல், தானிய மண்டி என்று மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்துகொண்டு போவான். புழுங்குகிறது என்று முகமூடியைக் கழற்றிவிடுவான். சொன்னால் காதில் போட்டுக்கொள்கிற ரகமில்லை. வீட்டுக்கு வந்தால் தலைவலி, குமட்டல். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் கை நடுங்கி நாலு தடவை நழுவும். வேலையை விட்டுவிடச் சொல்லி டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கடா. எங்க மருந்து வரப்போகுது. அது வந்துட்டா உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அக்காதான் சொன்னாள். புழுவுக்குத் தண்ணீர் மாற்றுகிறவளுக்கு இந்த வாக்குறுதியெல்லாம் எதற்கு? ஆனால் சொல்லிவிட்டாள். அதுவரை அவள் வந்தால் "கடல் நாத்தம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்ட தம்பி வீடு, அன்றிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டது. "எங்க அக்கா மருந்து கண்டுபிடிக்கறா" என்று தம்பி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். நான் கண்டுபிடிக்கவில்லையடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மரியாதை அவளுக்கு ருசித்தது, சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அந்த விஷத்தைத் தண்ணீரில் கலந்து கரப்பான்கள் மேல் தெளித்துப் பார்த்தார்கள். அவை சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டு போயின. தின்னக் கொடுத்தார்கள், தின்றுவிட்டு ஓடின. "ஊசி போட்டாத்தான் சாகும்போல. ஒவ்வொரு கரப்பானா பிடிச்சு யாரு ஊசி போடறது?" என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் தம்பியின் கை கண்ணுக்குள் வந்தது. மேடத்துக்கு ஒன்றும் குடி முழுகவில்லை. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய அந்த விஷம் உதவும் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கோழை வழிப்பதும் நிற்கவில்லை. நின்றது பூச்சி மருந்து மட்டும்.

அதைத் தம்பியிடம் அவள் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாள். ஒவ்வொரு முறை போகும்போதும் அவன் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவாள்.

அன்று காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, பஸ் டிப்போ ஸ்டோர்ல ஆள் எடுக்கறாங்க. சம்பளம் கம்மிதான், ஆனா மருந்து வாடை இல்ல. இவரு பிடி குடுக்காம பேசறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

வேலை முடிந்ததும் ஓடினாள். தம்பி பால்கனியில் உட்கார்ந்து தெளிப்பானின் மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சமையலறையில் இருந்தாள்.

"டேய், அந்த மருந்து வராதுடா" என்றாள், நின்றபடியே. "தெளிச்சா வேலை செய்யல. எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். சொல்லாம விட்டுட்டேன். நீ அந்த டிப்போ வேலைக்குப் போயிடு."

அவன் கழுவுவதை நிறுத்தினான். "நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேனேக்கா. அவகிட்டகூட இன்னும் சொல்லல."

"போன் பண்ணிக் கேளுடா. இன்னும் ஆள் எடுத்திருக்க மாட்டாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போன் செய்தான். "சரிங்க சார்... பரவால்லங்க சார்" என்றான். போனை வைத்துவிட்டு, "இன்னைக்குக் காலைல ஒருத்தர் சேர்ந்துட்டாராம்" என்றான். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "விடுக்கா. நீ வேணும்னா செஞ்சே? வா, சாப்பிடலாம்" என்றான்.

வேண்டுமென்றுதான் செய்தேன் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறிக்கொண்டே தம்பி மனைவி கேட்டாள்: "என்ன அண்ணி, டிப்போ வேலைக்குப் போகச் சொன்னீங்களா?"

அக்காவை முந்திக்கொண்டு தம்பி பேசினான். "அது எதுக்கு? அக்கா மருந்து அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடுமாம். இப்பத்தான் சொன்னா." தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். நடுங்குகிற கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தான்.

"நிஜமாவா அண்ணி?" அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த முகத்தில் அத்தனை ஆசை.

இல்லை என்று சொன்னால் தம்பி பொய்யனாவான். ஆமாம் என்றால் இன்னொரு வருஷம் அவன் தொட்டியைச் சுமப்பான். புழு அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

தலையாட்டினாள்.

"அப்பாடா, இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு" என்று தம்பி மனைவி இன்னும் ஒரு கரண்டி சோற்றை அவள் தட்டில் வைத்தாள். புழு அக்கா எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.