சுவரில் விட்ட வழி

என் ஓரகத்தி தையல்காரி. வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பட்டாசு', வாய் அப்படி. நான் ஆய்வகமே கதியென்று கிடந்த வருடங்களில், மிஷினை மிதித்தபடியே என் மகளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தவள் அவள்தான்.

"அப்படி என்னதான்டி பாக்குற அங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

செடியின் செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் சுவர் எழும்பும், அதற்கான சரக்கை மோட்டார் புரதங்கள் இழைகளின்மேல் நடந்து சுமந்துவரும் என்றேன்.

"அப்புறம் ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதா?"

"சுவர்ல சின்னச் சின்னதா வழி விட்டிருக்கும்க்கா. அதுவழியா எல்லாம் போகும், வரும்."

போன மாதம் எங்கள் கணவன்மார், அண்ணனும் தம்பியும், வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். கொத்தனார் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பத் தொடங்கியதும் பட்டாசு வெடித்தது.

"யோவ், ஆள் நுழையிற அளவுக்கு வழி விடுய்யா! செடிக்கு இருக்கிற புத்திகூடவா இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு இல்ல?"

கொத்தனார் வழி விட்டார்.

இப்போதும் நான் வேலை முடிந்து வரும்போது மகள் அந்தப் பக்கம் மிஷினடியில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறாள். நேற்று அந்த வழிக்குக் கதவு மாட்ட வந்த தச்சரை நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.