கையில் குறைவு, காலில் அதிகம்

கடையில் என் அண்ணிக்கு ‘ஏணி’ என்று பெயர். உயரமானவள் என்பது ஒரு காரணம். பாதி நாள் ஏணி மேலேயே நிற்பாள் என்பது இன்னொன்று. ஜன்னல் திரை தைத்து, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கும் கடை எங்களுடையது. எனக்குத் தையல் மெஷின். அவள்தான் அளவெடுப்பாள், துணி வெட்டுவாள், கடைசியில் போய் மாட்டியும் விட்டு வருவாள். என் அண்ணனுக்கு அவளைப் பார்த்துச் சொன்னதே நான்தான். அதனால் வீட்டில் எது நடந்தாலும் பழி முதலில் என் தலையில்தான் விழும்.

கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து அவளை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூப்பிட்டேன். ஆனால் ‘நீ, வா, போ’வை மட்டும் விட முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே மூன்று வருஷம் கடையில் ஒரே மேஜையில் சாப்பிட்டவளை எப்படி ‘நீங்க’ என்பது?

வேலையில் அண்ணி பொல்லாதவள். எந்த ஜன்னலையும் மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளக்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். சுவர் நேராக இருப்பதாக நினைப்பவன் கொத்தனாரைப் பார்த்ததே இல்லை என்பாள். முதலாளி அவசரப்படுத்தினால் டேப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

அம்மாவுக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் அதிகம் இல்லை. மருமகள் ஊரார் வீட்டில் ஏணி ஏறி நிற்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்லும் பழக்கமும் அம்மாவுக்கு இல்லை. ‘சாப்பிட்டாயா’, ‘விளக்கை அணைத்தாயா’ என்பதோடு இருவருக்கும் இடையில் பேச்சு முடிந்துவிடும். நடுவில் நாத்தனாரான நான் இரண்டு பக்கமும் வாயைக் கொடுத்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அப்படி இருந்த காலத்தில்தான் அண்ணிக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. கையைத் தூக்கி நாலு திரை வளையம் மாட்டுவதற்குள் தோள் கடுத்து, விரல் ஜில்லிட்டுப் போகும். இறங்கி, கையைத் தொங்கவிட்டு நிற்பாள். கொஞ்சம் பொறுத்துச் சரியாகும், மறுபடி ஏறுவாள். இளைத்தாள். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருந்தது. ஏணிக்கே வயசாகிவிட்டதா என்று கடையில் கேலி செய்தோம். அவளும் சிரித்தாள். ஒரு நாள் ஏணியில் நிற்கும்போதே கண்ணை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். தொண்ணூறுக்கும் கீழே. லோ பிரஷர், நன்றாக உப்புப் போட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னது நான்தான். மறுநாள் காலையில் அண்ணி செருப்பு மாட்டும்போது, எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புக் கரைத்த தண்ணீரை அம்மா ஒரு பெரிய டம்ளரில் கொண்டு வந்து நீட்டினார். நின்று குடிக்க வைத்து, டம்ளரை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் தட்டில் மட்டும் குழம்பிலும் ஒரு கை உப்பு கூடுதலாக விழுந்தது. வாயில் வைக்க முடியவில்லை என்று அண்ணி என்னிடம் சொல்வாள், ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள்.

“அத்தை எனக்குன்னு தனியா செஞ்சு கொடுத்த முதல் விஷயம் இது. எப்படி வேண்டாம்னு சொல்றது?” என்றாள்.

ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கண்ணாடிக்கடையில் பரிசோதனைக்குப் போனாள். அங்கே இருந்த கண் டாக்டர் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கண்ணாடி எழுதாமல், இரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். தனக்கு லோ பிரஷர் என்று இவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. கொதிப்பு ஏறிப்போனவர்களின் கண் இப்படித்தான் இருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதலில் அண்ணியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தார். நாடி இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், பிறகு வயிற்றிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கையில் பிரஷர் பார்த்தபோது பழைய தொண்ணூறுதான். படுக்கச் சொல்லி, பட்டையைக் காலில் கட்டிப் பார்த்தார். இருநூறைத் தாண்டிவிட்டது. மெஷின் பழுது என்றுதான் நான் நினைத்தேன். அவர் இன்னொரு காலிலும் கட்டிப் பார்த்தார். அதே கதைதான்.

பெரிய இரத்தக் குழாய்களின் சுவர் வீங்கி, தடித்து, வழி குறுகிப் போகும் நோயாம் அது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் இளவயதுப் பெண்களுக்கே வருமாம். தகாயாசு என்று அதற்குப் பெயர். ஏதோ தூரதேசத்துக் கண் டாக்டரின் பெயராம். இவளுக்கு ஏன் என்று நான் கேட்டேன். கேட்டதற்கு நன்றாகவே பதில் சொன்னார், இரக்கமாகவும் சொன்னார்.

“இந்த நோய் எல்லா இனத்துக்காரங்களுக்கும் ஒரே மாதிரி வர்றதில்லை. இதை முதல்ல கண்டு எழுதின நாட்டுல, பெரும்பாலும் கழுத்துக்கும் கைக்கும் போற குழாயிலதான் வருது. அதனால கை நாடியைப் பாருன்னுதான் நாங்க படிச்சோம். நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அது நிறைய பேருக்கு வயித்துக்குள்ள இறங்கி, கிட்னிக்குப் போற குழாயையும் பிடிச்சுக்குது. அப்போ பிரஷர் எகிறும். இவங்களுக்கு ரெண்டு இடத்துலயும் இருக்கு. அதான் கை பொய் சொல்லுது.”

வெள்ளைத்தோல்காரர்களிடம் இது இன்னும் அபூர்வமாம். இதற்கு அக்கா தங்கை மாதிரி இன்னொரு நோய் அவர்களைத்தான் அதிகம் தேடிப் போகுமாம், அதுவும் வயசான பிறகு, நெற்றிப்பொட்டில் வலியோடு. ஏன் இப்படி ஆள் பார்த்து, இடம் பார்த்து வருகிறது என்பதற்குப் பரம்பரை கொஞ்சம் காரணம், மீதி யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றார். நோய்க்குக்கூட இன்னார் வீட்டில் இந்த அறை என்று தெரிந்திருப்பது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜன்னலை மூன்று இடத்தில் அளக்கிறவளை நாங்கள் ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அதைவிட ஆத்திரம் வந்தது.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை, கொதிப்புக்கு வேறு மாத்திரை. வீக்கம் அடங்கிய பிறகு கிட்னிக் குழாயைப் பலூன் விட்டு விரிக்கலாம். அதுவரைக்கும் பிரஷரை இறக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் மூளையில் நரம்பு வெடிக்கலாம், கிட்னி போகலாம். தினமும் காலையில் படுக்க வைத்து, கணுக்காலுக்கு மேலே பட்டை கட்டிப் பார்க்க வேண்டும். கையில் பார்த்து ஏமாறக் கூடாது. ஏணி கூடாது. உப்பு கூடவே கூடாது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றுகிறதோ என்று பயந்தேன்.

“உப்பு விஷயம் அத்தைக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. இத்தனை நாளும் அவங்க கையால கொடுத்தது” என்றாள்.

உயிரே ஊசலாடுகிறது, இவளுக்கு மாமியார் மனசு நோகக் கூடாதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். உப்பை மாத்திரையாகவே கொடுத்துவிட்டார்கள், இனி தண்ணீரில் கரைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் நான் கதை அளந்தேன். அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி இரு என்றேன். வீட்டுச் சாப்பாட்டை என்ன செய்வது என்று புரியாமல் இருந்தபோது, நல்லவேளையாக அம்மாவின் கைப்பக்குவம் கெட்டுப்போனது. எல்லார் தட்டிலும் உப்புச் சப்பில்லாத குழம்பு. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்து உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அண்ணன் உப்பு கேட்டால், கடையில் போய் வாங்கிக்கொண்டு வா என்பார். அண்ணன் சோம்பேறி, போக மாட்டான்.

தினமும் காலையில் அண்ணன் டெலிவரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புதிதாக வாங்கிய பிரஷர் மெஷினின் பட்டையை அண்ணி காலில் கட்டுவேன். இழுத்துக் கட்ட அவள் கையில் வலு இல்லை. எண்கள் மெல்ல இறங்கின. ஸ்டீராய்டில் முகம் உப்பி, கன்னம் பன் மாதிரி ஆனது. கடையில் அவளுக்கு மேஜை வேலை மட்டும். அவளுக்குப் பதில் ஏணியில் நான் ஏறினேன், கீழே நின்றுகொண்டு என்னை விரட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்து வெளியூரில் ஒரு புது விடுதிக்குத் திரை மாட்டும் வேலை வந்தது. முழு விடுதியும். ஏணி ஏற ஆள் நான்தான், போகாமல் தீராது. அண்ணனைக் கட்டச் சொல் என்றேன். அவர் விடிவதற்கு முன்பே போய்விடுகிறார், நானே கட்டிக்கொள்வேன் என்றாள். தினமும் போன் செய்து கேட்டேன். நல்லா இறங்கியிருக்கு என்றே சொன்னாள். குரலிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏணியில் நின்றபடி வளையம் மாட்டும்போதெல்லாம் அவள் தலைக்குள் ஏதோ வெடிப்பதாகவே தோன்றும். கடைசி இரண்டு மாடியை உதவிக்கு வந்தவர்களிடம் விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி விடிகாலையில் வீடு வந்து சேர்ந்தேன்.

அண்ணியின் அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலி உள்ளவர், தரையில் உட்கார்ந்து நான் பார்த்தே வெகுகாலமாகிவிட்டது. மடியில் பிரஷர் மெஷின். அண்ணி கட்டிலில் காலை மடக்கி, சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தாள். வாசலில் நான் நிற்பதை இருவருமே கவனிக்கவில்லை.

“வேண்டாம் அத்தை. நீங்க என் காலைத் தொடக் கூடாது. வந்து அவளே கட்டுவா.”

“அவ போனதுலேர்ந்து நீ இதை எடுக்கவே இல்லை. மெஷின் மேல தூசி படிஞ்சிருக்கு. தினமும் பார்க்கலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். காலை நீட்டு.”

“பெரியவங்க நீங்க. நான் எப்படி...”

அம்மா பட்டையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். குரல் உயரவில்லை.

“உப்பைக் கரைச்சுக் கொடுத்தது நான். உன் வீட்டுக்காரன் வாய்ல எது நிக்கும்? அன்னிக்கே உளறிட்டான். நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னியிலேர்ந்து நான் அடுப்படியில உப்பு டப்பாவைத் தொடலை. உனக்குத் தெரிஞ்சும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.”

அண்ணி அழுதாள். நானும் வாசலில் நின்று அழுதேன், வெட்கம் எதற்கு? அம்மா மட்டும் அழவில்லை.

“கையைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்துட்டேன்டி. எனக்கு நிஜமான கணக்குத் தெரியணும். அது உன் கால்லதான் இருக்குன்னா, நான் கால்லதான் பார்ப்பேன். நீட்டு.”

அண்ணி காலை நீட்டினாள். அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கி, குழாய் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, பட்டையைச் சுற்றிக் கட்டினார். கட்டியது கோணல். மெஷின் ஊதி, தவறு என்று காட்டி அணைந்தது. மறுபடி அவிழ்த்து, மறுபடி கட்டினார். நான் உதவிக்குப் போகவில்லை. மூன்றாவது தடவை எண் வந்தது. நான் போன அன்று பார்த்ததைவிட நிறையவே ஏறியிருந்தது. அம்மா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, வாசலிலேயே நிற்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றார். நான் நிற்பதை எப்போது பார்த்தாரோ தெரியாது.

அன்றே போனோம். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் வீக்கம் அடங்கி, கிட்னிக் குழாயைப் பலூன் விட்டு விரித்ததும், இப்போது அண்ணி மேஜையில் துணி வெட்டிக்கொண்டு என்னை ஏணியில் விரட்டுவதும் நடந்த கதைதான். அவள் கை இன்றைக்கும் குறைவாகத்தான் காட்டுகிறது. காலையில் பட்டை கட்ட நான் போனால் அம்மா விடுவதில்லை, எனக்கு இழுத்துக் கட்டத் தெரியவில்லையாம். முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காருவார். அவர் உட்காருவதற்கு முன்பே அண்ணி காலை நீட்டி வைத்திருப்பாள்.