சமையல்காரரின் மேல் செட்

1. மேசைக்கு வந்த பல்

எங்கள் பல் லேபுக்கு நோயாளிகள் வருவது கிடையாது. டாக்டர் வாயில் அளவு எடுத்து அனுப்புவார், நாங்கள் பல் கட்டி அனுப்புவோம், அவ்வளவுதான். அளவு வருகிற பையின்மேல் ஒரு பெயரும் வயதும் எழுதியிருக்கும். ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் அன்று காலையில் ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே உள்ளே வந்து, கைக்குட்டையில் பொதிந்திருந்த மேல் பல் செட்டை என் மேசையில் வைத்ததும், நான் பாலிஷ் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

"நீருதான் இத செஞ்ச ஆளா?"

ஆமாம் என்றேன்.

"இத நீரே வச்சுக்கிடும். எனக்கு வேண்டாம்."

எங்கேயாவது குத்துகிறதா, கழன்று விழுகிறதா என்று கேட்டேன். பல் செட்டுக்கு வருகிற புகார் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

"குத்தவும் இல்ல, கழலவும் இல்ல. நேத்து முறுக்கு தின்னேன். ஆனா வாய்க்குள்ள எவனோ சன்னல இழுத்துச் சாத்துன மாதிரி இருக்குவே."

"உப்பு புளி தெரியலியா அண்ணாச்சி?"

"உப்பு தெரியும், இனிப்பு தெரியும். ரெண்டும் சேந்துதா இல்லியான்னு தெரியல்ல. அது தெரியாட்டா நான் என்னத்துக்கு ஆவேன்?"

அப்போதுதான் விசாரித்தேன். அவர் தாணு அண்ணாச்சி, கல்யாணச் சமையல்காரர். தோவாளை, பூதப்பாண்டி பக்கத்தில் அவர் வைக்கும் அடைப்பிரதமன் பாயசத்துக்கு ஒரு பெயர் உண்டு. நானே இரண்டு மூன்று கல்யாணங்களில் அதைக் குடித்திருக்கிறேன். அந்தக் கைக்குச் சொந்தமான வாய்க்குத்தான் பல் கட்டுகிறேன் என்று எனக்குத் தெரியாது.

2. அவர் ஏன் பல் வைத்தார்

பிள்ளைகளே, பல் போனால் பல் மட்டும் போவதில்லை. பல் இருந்தவரைக்கும் உதடும் கன்னமும் அதன்மேல் சாய்ந்து நிற்கும். அது போனதும் உதடு உள்ளே மடங்கும், கன்னம் குழியும், நாடி மூக்குக்குப் பக்கத்தில் ஏறி வரும். அறுபது வயதுக்காரர் எண்பது மாதிரி ஆகிவிடுவார். பேச்சிலும் காற்று போகும்.

தாணு அண்ணாச்சிக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஈறு கெட்டுப் பல் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எங்களுக்கு அளவு அனுப்புகிற டாக்டரம்மா எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கஞ்சியும் ரசமுமாகக் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறார். சாப்பாடுகூட அவருக்குப் பெரிசாகத் தெரியவில்லை. சமையல் பேச வருகிற கல்யாண வீட்டார், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு இவர் மகனைத் தேட ஆரம்பித்ததுதான் அவரைச் சுட்டது. ஒருவர் கேட்டே விட்டாராம், "சமையலு நீங்க நின்னு பாப்பியளா, இல்ல மகன் பாப்பாரா?" என்று. அண்ணாச்சியின் மகன் துபாயில் ஏசி மெக்கானிக். அவனுக்குச் சாம்பார் வைக்கவும் வராது.

அதற்காகத்தான் முழு செட் வைத்தார். வைத்ததும் முகம் நிமிர்ந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி முதல் வாரம் சோற்றைச் சிறிது சிறிதாக இரண்டு பக்கமும் வைத்துச் சவைத்தார். பேச்சுத் தெளிய பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்தார். வீட்டில் அவர் மனைவிகூட, 'மாப்பிள்ளை மாதிரி ஆயாச்சு, இனி பொண்ணுதான் பாக்கணும்' என்று கேலி செய்தாராம்.

புதுப் பல்லோடு செய்த முதல் கல்யாணத்தில், பிரதமன் வைத்த வெண்கல உருளி பாதி நிறைந்தபடி பந்தியிலிருந்து திரும்பி வந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் சமையல்காரரிடம் நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். சாம்பார் சுமார் என்றால்கூட 'கொள்ளாம், நல்லாருக்கு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பிரதமன் மிஞ்சக் கூடாது. இலையில் விட்ட பிரதமனில் பப்படத்தை நொறுக்கி, மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, கையால் வழித்துக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் அதுதான் தீர்ப்பு. அந்த உருளியைப் பார்த்த மறுநாள்தான் அண்ணாச்சி என்னிடம் வந்தது.

3. மேலண்ணம்

நான் அவரை டாக்டரம்மாவிடமே அழைத்துப் போனேன். அவர் செட்டை வாயில் வைத்துப் பார்த்தார், கடிக்கச் சொன்னார், பேசச் சொன்னார். பொருத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு அவர் விளக்கினார். மேல் செட் என்பது பல் வரிசை மட்டும் கிடையாது. மேலண்ணம் முழுவதையும் மூடுகிற அக்ரிலிக் பிளேட் அதில் உண்டு. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்ட வைத்தால் எளிதில் பிரியாது அல்லவா? அதுபோல எச்சில் ஈரத்தில் அந்தப் பிளேட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பதால்தான் செட் கீழே விழாமல் இருக்கிறது. ஆனால் சூடு, வழுவழுப்பு, கெட்டி எல்லாம் அறிகிற இடமும் அந்த அண்ணம்தான். நாம் ஒன்றை ருசி பார்க்கும்போது நாக்கை மேலே அழுத்தித்தான் பார்க்கிறோம். நடுவில் பிளாஸ்டிக் வந்துவிட்டால் பழக நாள் ஆகும். சாதாரண ஆட்கள் பழகிவிடுவார்கள்.

"எனக்க வேலை சாதாரண ஆளுக்க வேலை இல்லியே டாக்டரே" என்றார் அண்ணாச்சி.

பழகும்வரைக்கும் ருசி பார்க்கும் நேரத்துக்கு மட்டும் மேல் செட்டைக் கழற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார். காய விடக் கூடாது, தண்ணீரில் போட்டு வையுங்கள் என்று நானும் சொன்னேன். அக்ரிலிக் காய்ந்தால் லேசாக வளையும், பிறகு பொருந்தாது.

சரி என்று தலையாட்டினார். ஆனால் நாங்கள் சொன்னது கல்யாணச் சமையல் நடக்கிற ஆக்குப்புரையில் நடக்காத காரியம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

4. இலைப் பொட்டலம்

அடுத்த முகூர்த்தம் தோவாளையில். பெண்ணின் அப்பா எனக்கும் பழக்கம் என்பதால் உங்கள் அம்மாவும் நானும் போயிருந்தோம். கடைசிக்கு முந்தின பந்தியில் சாப்பிட்டோம். அன்றைய பிரதமனை நான் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். அம்மா முறைத்தாள். கை கழுவப் போனபோது ஒருவர் வந்து, சமையல்காரர் என்னைக் கையோடு கூட்டிவரச் சொன்னார் என்றார்.

ஆக்குப்புரைக்குப் பின்னால் அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மேல் செட்டைக் காணோம்.

நடந்தது இதுதான். ஆக்குப்புரையில் எச்சில் பார்ப்பது கடுமை. கல்யாணச் சமையலில் கரண்டியை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, அதை நாக்கில் இடுவதுதான் வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் வாயிலிருந்து எடுத்த செட்டை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால், அந்தத் தம்ளரைப் பிறகு யார் தொடுவது? பந்திக்குப் போகிற பாத்திரத்தோடு அது கலந்துவிட்டால்? அதனால் அவர் ஒரு யோசனை செய்தார். வாழையிலைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, அதில் செட்டைப் பொதிந்து பொட்டலமாக மடித்து, இலை நறுக்குகிற பலகையின் ஓரத்தில் வைத்தார். ஈரமும் போகாது, பாத்திரமும் எச்சில் ஆகாது. நல்ல யோசனைதான். ஆனால் இலை நறுக்குகிற இடத்தில் மடங்கிக் கிடக்கும் இலை எல்லாம் குப்பை. யாரோ வாரிக் கூடையில் போட்டு வெளியே கொட்டிவிட்டார்கள்.

நானும் அவரும் குனிந்து இலைக் குவியலைக் கிளற ஆரம்பித்தோம். காய் நறுக்க வந்திருந்த செல்லம்மை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னத்த தேடுதியோ?"

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. நான் சாவி என்று சொன்னேன்.

"ஒத்தச் சாவிக்கா ரெண்டு ஆம்பிளையோ குப்பையில கெடக்கியோ?" என்று சொல்லிவிட்டு அவளும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். குவியலின் அந்தக் கோடியில் ஒரு பசு நின்று இலையைத் தின்றுகொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டுக் காலடியில் கிடந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பொட்டலத்தை அப்படியே மூடி அண்ணாச்சியின் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்கோ ஒங்க சாவி. பல்லெல்லாம் இருக்கு. நடுவுலதான் ஒடிஞ்சு போச்சு."

பசு மிதித்ததில் செட் சரியாக நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஆள் வந்தது. பிரதமன் உருளி காலி, கடைசிப் பந்திக்கு வழித்துத்தான் ஊற்றினார்களாம். பெண்ணின் அப்பா அண்ணாச்சிக்கு வேட்டி வைத்துக் கொடுக்க மண்டபத்துக்குக் கூப்பிடுகிறார். நல்ல சாப்பாடு போட்ட சமையல்காரரை எல்லார் முன்னாலும் அப்படிக் கூப்பிட்டுக் கொடுப்பது சில வீடுகளில் வழக்கம். ஒரு சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு இல்லை.

அண்ணாச்சி ஒடிந்த செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காற்றுப் போகிற பேச்சில் மெதுவாகச் சொன்னார்:

"பல்ல வச்சா உருளி திரும்பி வருது. பல்ல எடுத்தா நான் ஓடி ஒளிய வேண்டியிருக்கு. நான் என்ன செய்யணும், நீரே சொல்லும்."

போய் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டே மேடை ஏறினார். போட்டோக்காரன் துண்டை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். அவர் எடுக்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆல்பத்தில் பல்வலிக்காரர் மாதிரித்தான் நிற்பார்.

5. மெட்டல் பிளேட்

ஒடிந்த செட்டை ஒட்டிக் கொடுக்கலாம். பாதிப்பேர் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் நடுவில் ஒடிந்தது நடுவில்தான் மறுபடியும் ஒடியும். அதோடு ஒட்டினாலும் அந்தச் சன்னல் மூடியபடிதானே இருக்கும்? நான் துண்டுகளை டாக்டரம்மாவிடம் எடுத்துப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்துவிட்டு, இந்த ஆளுக்கு மெட்டல் பிளேட் போட்டுப் பார்க்கலாம் என்றார்.

அதாவது, பல்லும் ஈறு மாதிரித் தெரிகிற பகுதியும் பழையபடி அக்ரிலிக்தான். அண்ணத்தை மூடுகிற இடத்தில் மட்டும் உலோகத் தகடு. அக்ரிலிக்கை மெலிதாக்கினால் ஒடியும். உலோகம் மெலிதாக இருந்தாலும் தாங்கும். முக்கியமாக, சூட்டைக் கடத்தும். வார்ப்பு வேலை எங்கள் லேபில் கிடையாது. அதைத் திருவனந்தபுரத்தில் செய்து வாங்கி, பல் அடுக்குவதை நான் செய்தேன். மெழுகில் பல்லை அடுக்கி டாக்டரம்மா ட்ரையல் பார்த்த அன்று நானும் கூடப் போய் நின்றேன். முன்பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாமா, உதடு போதுமான அளவு நிமிர்ந்திருக்கிறதா என்று ஆளின் முகத்தைப் பார்த்தே செய்தோம். கண்ணாடியைக் கொடுத்தபோது அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து மேலே உள்ள தகட்டைத்தான் பார்த்தார்.

செட் பொருத்திய அன்று கிளினிக்கிலிருந்து இறங்கி, கீழே உள்ள கடையில் டீ சொன்னேன். அவர் தம்ளரை வாங்கி வழக்கம்போல மடக்கென்று ஒரு வாய் குடித்தார். சட்டென்று தம்ளரைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கேயோ குத்திவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"என்ன அண்ணாச்சி?"

"சுடுதுவே" என்றார்.

சொல்லிவிட்டுத் துண்டு இல்லாத முகத்தோடு சிரித்தார். பிறகு அந்த டீயை ஊதி ஊதி, ஒவ்வொரு வாயாக, நாக்கை மேலே அழுத்தி அழுத்திக் குடித்தார். சர்க்கரை கூடுதல், தூள் பழசு, பால் அடிப்பிடித்திருக்கிறது என்று கடைக்காரருக்குக் கேட்கும்படியே சொன்னார்.

பழைய வாய் அப்படியே திரும்பி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் சொல்லவில்லை. முக்கால்வாசி தெரிகிறது, மீதியை மூக்கு பார்த்துக்கொள்கிறது என்றார். வெல்லப் பாகின் பதம் மட்டும் இன்னும் சந்தேகம் வந்தால், கையைக் கழுவிவிட்டு விரலில் தொட்டுப் பார்க்கிறார். ஆனால் செட்டைக் கழற்றுவதில்லை. சமையல் பேச வருகிறவர்களும் இப்போது மகனைக் கேட்பதில்லை.

6. கடைசியாக

இந்த வேலையில் நான் படித்தது ஒன்று உண்டு. வாயில் எடுத்த அளவை வைத்து ஒரு பல்லைச் சரியாகச் செய்துவிடலாம். அந்த ஆள் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார் என்று அந்த அளவில் தெரியாது, கேட்டால்தான் தெரியும். இப்போது கிளினிக்கிலிருந்து வருகிற பையில் பெயர், வயதோடு தொழிலையும் டாக்டரம்மா எழுதி விடுகிறார். வீட்டில் சும்மா இருக்கிறவர் என்று எழுதியிருந்தால்கூட, சும்மா இருந்து என்ன தின்பார், யாரோடு பேசுவார் என்று நான் போன் போட்டுக் கேட்கிறேன். நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

போன ஓணத்துக்கு வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பிரதமன் வந்ததே, யார் கொடுத்தது என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்தவர் என்று சொன்னேன். அது தாணு அண்ணாச்சி கொடுத்தனுப்பியது. அம்மாவுக்குக்கூட மிச்சம் வைக்காமல் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக் குடித்தீர்கள். மறுநாள் வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கழுவிய வாளியில் என்ன தெரியும்? "மிச்சம் வந்துதா?" என்று என்னிடம் கேட்டார். பிள்ளைகள் வாளிக்குள் தலையை விட்டு நக்கினார்கள் என்று சொன்னேன். அதைக் கேட்டுத்தான் மூடியைப் போட்டார்.