வைத்தியர் சவரியப்பனின் பொதுமனு

சவரியப்பனுக்கு வாரம் ஒரு மனு எழுதாவிட்டால் சோறு இறங்காது. தெருவிளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை, எதையும் விடமாட்டார். மிஷன் பள்ளியொன்றில் ஆய்வக உதவியாளர். வயது நாற்பத்து மூன்று. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கோச்சடை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆன்லைன் விளையாட்டில் வைத்தியராகிவிடுவார்.

அதில் வீரன் வெட்டுவான், வைத்தியர் காயம் ஆற்றுவார். ஆனால் செத்தவனை எழுப்பும் வித்தை எல்லா வைத்தியருக்கும் கிடையாது. மற்ற வித்தைகளை விட்டுக்கொடுத்து, அது ஒன்றையே மாதக்கணக்கில் கற்றவருக்குத்தான். சென்டரில் அப்படிக் கற்ற ஒரே பைத்தியம் நம்மவர். விளையாடத் தெரியுமா என்றால் தெரியாது. பாதி நேரம் மரத்தில் முட்டிக்கொண்டு நிற்பார். இருந்தும் அவரில்லாமல் குழு கிளம்பாது. ஷேர் ஆட்டோ ஓட்டும் மலைச்சாமி, "வாங்கண்ணே" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பள்ளியில் எவனும் ஏறிட்டுப் பார்க்காத மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

2007இல் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி நேரம் போராடிப் பூதத்தின் குகைக்குப் போனார்கள். பூதம் முதல் அடியிலேயே வைத்தியரைக் கொன்றது. வைத்தியர் தன்னைத்தானே எழுப்ப முடியாது. ஒவ்வொருவராக எல்லோரும் செத்தார்கள்.

"அம்புட்டும் போச்சு! உங்கள எழுப்ப ஒரு நாதி இல்லையேண்ணே!" என்று மலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சொல் சவரியப்பனைச் சுட்டுவிட்டது. சாயங்காலமே வெள்ளைத்தாளை எடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். 'உயிர்ப்பிக்கும் வித்தையை வைத்தியர் அனைவருக்கும் பொதுவாக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' தெருவில் நாற்பத்து மூன்று கையெழுத்து வாங்கினார். இஸ்திரிக்காரர் சாக்கடை மனு என்று நினைத்துப் போட்டார். அதே தெருவில் குடியிருக்கும் நானும் அப்படித்தான். சென்டர்காரர் இங்கிலீஷில் மாற்றி, கையெழுத்தோடு ஸ்கேன் செய்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பினார்.

சவரியப்பன் மனைவி தெரசாவுக்குத்தான் விஷயம் விளங்கியது. "எல்லாருக்கும் குடுத்துட்டா, உங்கள எவன் கூப்புடுவான்?"

"பொதுக் காரியத்துல சொந்த லாபம் பாக்கக் கூடாது, தெரசா."

நாலு மாதத்தில் கம்பெனி மாற்றிவிட்டது. இவர் மனுவாலா, உலகம் பூராவும் இதே கூப்பாடா, தெரியவில்லை. சாக்கடை மனு மட்டும் இன்னும் கிடப்பில் கிடக்கிறது. சவரியப்பன் தெருவுக்கே கடலை மிட்டாய் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை நாற்காலியை எவரும் துடைக்கவில்லை. துறுதுறுவென்று ஓடும் புது வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். மலைச்சாமியே வைத்தியராகிவிட்டார்.

"எடம் நெறஞ்சுபோச்சுண்ணே. அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரமும் அதே பதில்தான். மூன்றாம் வாரம் சவரியப்பன் தனியாகக் காட்டுக்குள் போனார். ஒரு காட்டுப்பன்றி முட்டிச் செத்தார். மனுஷன் வேறு எதையும் தொடாமல், திரையில் கிடந்த தன் பிணத்தையே கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று கம்ப்யூட்டர் தள்ளி மலைச்சாமியின் குரல் கேட்டது. "அட, நம்ம அண்ணே செத்துக் கெடக்காரு!"

ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் சவரியப்பன் எழுந்து நின்றார். விளையாட வந்த இரண்டு வருடத்தில் அவரை இன்னொருவர் எழுப்பியது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிப்போய், ஏதோ சொல்ல வந்தார்.

"இருக்கட்டும்ணே," என்றார் மலைச்சாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆளுக நிக்கிறாக, நான் போறேன்."