பெருவிரலுக்கு ஒரு கார்

பாட்டரியை நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி ருசி பார்க்கிறார் லிஃப்ட்காரர். சுள்ளென்று ஏறினால் நல்லது, வெறும் புளிப்போடு நின்றால் குப்பைத் தொட்டிக்கு. மீட்டர் இல்லாமல் இல்லை. சட்டைப் பையிலேயே குத்திக்கொண்டு கிடக்கிறது. ஆனாலும் நாக்கைத்தான் நம்புவார். "சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா சொல்லத் தெரியாது. பாட்டரின்னா மட்டும் நாக்கு நல்லா வேலை செய்யும்" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வரும். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு அலறினால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் முதலில் கேட்பது, "சாப்டாச்சா?" அலறுகிறவர் திகைத்துப்போய் வாயை மூடிவிடுவார். அந்த அமைதியில் இவர் வேலை முடிந்துவிடும். மோட்டார் அறைக்குள் போனால் உடனே எதையும் கழற்ற மாட்டார். ஸ்குரூடிரைவரின் நுனியை மோட்டார் மீதும் பிடியைக் காதிலும் வைத்து, வைத்தியர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பார். "லேசா இருமுது", "இவனுக்கு மூட்டு வலி" என்றெல்லாம் தீர்ப்பு வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தப் பெருமையும் அவருக்கு நிறையவே உண்டு.

இப்போது அவருடைய மேசையில், பழைய துண்டின் மேல் கிடப்பது உள்ளங்கை நீளமுள்ள ஒரு சிவப்புக் கார். ஸ்லாட் கார் என்பார்கள். கறுப்புத் தடத்தின் நடுவே ஒரு பள்ளம் ஓடும்; காரின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு அதில் இறங்கி நிற்கும். பள்ளத்துக்கு இருபுறமும் உள்ள இரும்புப் பட்டைகளில் மின்சாரம் வரும். கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கட்டையில் ஒரே ஒரு பொத்தான். பெருவிரலால் அமுக்கினால் கார் ஓடும், அவ்வளவுதான். ஐம்பது வருடத்துக்கு முந்தைய சாமான். அண்ணனுடையது.

அண்ணன் தபால் நிலையத்தில் இருந்தவர். நாள் முழுக்க முத்திரை குத்திய வலது கை, ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ்ஷைக் கீழே போட்டது. அதன் பிறகு எதையும் எடுக்கவில்லை. பேச்சும் போய், ஒரே ஒரு சொல் மிச்சம்: "சரி." தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. பிறவியிலேயே எதற்கும் ஒத்துப்போகாத மனிதர் வாயில் இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்ததுதான் கொடுமை என்று அண்ணி சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார். லிஃப்ட்காரரின் அண்ணன் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஐந்து மாதமாக அவர் கீழே இறங்கவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவள். "ஆறு மாசத்துக்குள்ள எவ்வளவு திரும்புதோ அதுதான் சார். அதுக்கு மேல ரொம்பக் கஷ்டம். நான் பந்தைக் குடுத்தா அவரு பிடிக்கவே மாட்டேங்கறாரு. அவருக்குப் பிடிச்சது ஏதாவது இருந்தா குடுங்க. பெருவிரல் ஒண்ணு அசைஞ்சாப் போதும், மத்ததை நான் இழுத்துட்டு வந்துடுவேன்."

அண்ணனுக்குப் பிடித்தது என்று யோசித்தபோது தம்பிக்கு இந்தப் பொத்தான்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கிவிட்டார்.

காரின் நிலைமை படுமோசம். பின்சக்கர ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. உப்புத்தாளில் உருட்டி உருட்டிப் பிடிப்பு வரவைத்தார். பட்டைகளை உரசி மின்சாரம் வாங்கும் செம்புப் பின்னல் பச்சை பூத்து உதிர்ந்துவிட்டது. அதற்கு தன் கருவிப் பெட்டியில் மிச்சமிருந்த செம்புக் கம்பியை முடி பின்னுவது போல் பின்னினார். பழைய எண்ணெய் பற்சக்கரங்களில் கோந்தாக ஒட்டிக் கிடந்தது. கட்டுப்பாட்டுக் கட்டையின் ஸ்பிரிங் கடினமாக இருந்ததால், அதை எடுத்துவிட்டு பேனா ஸ்பிரிங்கைப் பொருத்தினார். ஒரு பூ விழுந்தால்கூட அமுங்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்த வேலை, ஒரு குறை சொல்ல முடியாது.

மோட்டாரில்தான் மோசம் போனார். பெரிய மோட்டார்களைக் கழற்றுகிற அதே முறையில், உள்ளே சுழலும் ஆர்மேச்சரை உருவி ஒரு துணியிலும், அதைச் சுற்றியிருந்த காந்தத்தை இன்னொரு துணியிலும் வைத்தார். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டையும் புதிதாக மாற்ற நினைத்தார்; அது கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதுவரை அப்படியே கிடந்தது. திரும்பப் பூட்டி மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முனகியது, கார் நகரவில்லை. ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர்மேச்சரை உருவினப்போ நடுவுல ஒரு இரும்புத் துண்டு சொருகினீங்களா?"

"இல்லையே. எதுக்கு?"

"போச்சு. இது பழைய காந்தம் சார். நடுவுல இரும்பு இல்லாம வெறும் வாயோட கிடந்தா சத்து இறங்கிடும். உங்க லிஃப்ட் மோட்டார்ல கம்பிச் சுருள்தான் காந்தம், கரண்டு குடுத்தா வந்துடும். இது அப்படி இல்ல. ஒண்ணும் தெரியாதவன்னா தொட்டிருக்கவே மாட்டான். தெரிஞ்சவரு பாருங்க, கழட்டிட்டீங்க."

காந்தம் ஏற்றும் இயந்திரம் கடைக்காரரிடமே இருந்தது. ஆனால் அதுவே பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் லிஃப்ட்காரர் சரியாகத் தூங்கவில்லை, யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாட்டிக்கொண்டு அலறியவர்களிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்கவும் இல்லை. "அஞ்சு வாரம்டி" என்றார் மனைவியிடம். "அண்ணனோட விரலுக்கு இருந்ததே கொஞ்ச நாளு. அதுல அஞ்சு வாரத்தை நான் தின்னுட்டேன்." அவள் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கார் ஓடியது. முழு வேகம் இல்லை, ஆனால் ஓடியது. ஆறு மாதக் கெடு முடிய நான்கு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், தடத்தைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினார். மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு அண்ணி மேசையைத் துடைத்துக் கொடுத்தார். தடம் நீள்வட்டமாகப் பூட்டப்பட்டது. சிவப்புக் காரைப் பார்த்ததும் அண்ணனின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். லிஃப்ட்காரருக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

கட்டையை அண்ணனின் வலது கையில் வைத்து, நழுவாமல் துணியால் கட்டி, பெருவிரலைப் பொத்தான் மேல் எடுத்து வைத்தார்.

"அமுக்குங்கண்ணே."

அண்ணனின் தோள் உயர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை கண்டது. பெருவிரல் பொத்தான் மேல் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"அவசரமில்லண்ணே. கொஞ்சமா அமுக்கினாப் போதும்."

பத்து நிமிடம் ஆயிற்று. அண்ணி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கார் இருந்த இடத்திலேயே இருந்தது. அண்ணன் மூச்சு வாங்க, கண்ணை மூடித் திறந்தார்.

"நான்தான்ணே கெடுத்தேன்." என்றார் லிஃப்ட்காரர். "மோட்டாரைத் தொடாம விட்டிருந்தா போன மாசமே ஓடியிருக்கும். அப்பவே அமுக்கியிருப்பீங்க. பெரிய மேதாவி மாதிரி கழட்டிப் போட்டேன். அஞ்சு வாரம்ணே. அஞ்சு வாரம் போச்சு."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, ஐம்பத்தெட்டு வயது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணன் இடது கையால் துணி முடிச்சைத் தட்டுத் தடுமாறி அவிழ்த்தார். கட்டையை எடுத்துத் தம்பியின் கைக்குள் திணித்தார். அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பெருவிரலைப் பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்து, தன் இடது பெருவிரலால் அதை மெல்ல அமுக்கினார்.