நாத்தம் நின்றபோது

போன வருஷம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே ஒரு குளிர்பதனக் கண்டெய்னருக்குள் என் படிப்பு வெந்துகொண்டிருந்தது.

நான் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். சேறு பார்ப்பது! வங்கக்கடலின் அடியில் நீளக் குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் சேற்றை எடுப்போம். நீரோட்டம் வேகமாக இருந்த காலத்தில் குருணை மாதிரிப் படிந்திருக்கும். தளர்ந்த காலத்தில் மைதா மாதிரி நைசாக இருக்கும். மனுஷன் எழுதக் கற்பதற்கு முன்னால் கடல் எப்படி ஓடியது என்பதை அதை வைத்துச் சொல்லலாம். ஒரு குழாயில் மட்டும், பிளாஸ்டிக் வழியாகவே தெரிகிற மாதிரி, கையகலத்துக்கு ஒரு கருப்புப் பட்டை. ஓட்டம் அநேகமாக நின்று, அடித்தண்ணீர் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுமுட்டிக் கிடந்த காலத்துச் சேறு அது என்று நம்பினேன். என் டாக்டர் பட்டமே அந்தப் பட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாய்களோடு கப்பலிலிருந்து இறக்கி வைத்த கண்டெய்னரின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். லீவு நாட்கள் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம் முகத்தில் அறைந்தது. டிரெய்லர் ஓட்ட வந்திருந்த வண்ணாரப்பேட்டை பாய், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறந்து வளர்ந்தது ஃபாக்டரிகள் சூழ்ந்த திருவொற்றியூர். காற்று ஒரு பக்கம் அடித்தால் ஒரு நாத்தம், மறுபக்கம் அடித்தால் இன்னொரு நாத்தம். "இதெல்லாம் எங்க ஊரு பன்னீர், பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வெளி வெயிலும் சேர்ந்து உள்ளே ஏறிவிடப் போகிறதே என்று கதவையும் ஒருக்களித்துச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் அடுக்கி வைத்த குழாய்கள் தெரிந்தன. எங்கோ மூலையில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு மூலையில் 'டொக்'. சூட்டில் சேற்றுக்குள் வாயு உப்பி, குழாய் மூடிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. காரணம் தெரிந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது. மூடி கழன்ற குழாய்களிலிருந்து சேறு தானாகவே மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து வந்தது.

என் குழாயின் மூடியும் பாதி கழன்றிருந்தது. ஓடிப்போய் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். விட்டால் அடுக்கெல்லாம் சரிந்து கலந்துவிடும். நான் அழுத்த, அந்தப் பக்கத்திலிருந்து அதுவும் அழுத்தியது. கதவுக்கு அப்பால் யாரோ நின்று தள்ளுகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. நாத்தம் குறைந்தது, அப்புறம் சுத்தமாக நின்றே போனது. அப்பாடா என்று இருந்தது. தலை லேசாகி, பயம்கூடப் போய்விட்டது. 'டொக்' சத்தம் யாரோ நிதானமாகக் கதவு தட்டுவதுபோல் கேட்டது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இன்னாம்மா, உள்ளயே குடித்தனம் பண்ணிட்டியா?" வெளியிலிருந்து பாயின் குரல். "இந்த நாத்தத்துல எப்டிம்மா நின்னுகினு கீற?"

"நாத்தமா? அது எப்பவோ போயிடுச்சே பாய்" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"போச்சா? எனுக்கு இங்க நின்னாலே கொடலப் பொரட்டுது! வுடும்மா அத்த, வெளிய வா!"

எனக்கு நகரத் தோன்றவில்லை. கதவு படாரென்று திறந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தவர், என் தோள்பை வாரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னால் மூடி தெறிக்கிற சத்தம் கேட்டது.

வெயிலில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்ததும் மூக்கில் நாத்தம் திரும்ப ஏறியது. அது போகவே இல்லை. என் மூக்குதான் செத்துப்போயிருந்தது. ஹைட்ரஜன் சல்பைடு என்கிற அந்த அழுகின முட்டை வாயு அளவு மீறினால் முதலில் மோப்ப சக்தியைத்தான் எடுக்கும், அடுத்து ஆளை. பாடத்தில் படித்ததுதான், ஆனால் எங்கள் ஊர்க்காரி மூக்குக்கு நாத்தம் நின்றது நல்ல சேதியாகத்தானே தெரிந்தது! தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். என் விஷயத்தில் அது பாய் புண்ணியம்.

கருப்புப் பட்டை கண்டெய்னர் தரையில் கூழாகக் கிடந்தது. வேறு குழாயை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் எத்தனையோ ஆயிரம் வருஷம் அடைந்து கிடந்த அந்தக் காலம் என் உள்ளங்கையைத் தள்ளியது மட்டும் இன்னும் கையிலேயே இருக்கிறது.

இப்போதும் எங்கள் தெருவில் நாத்தம் அடித்தால் நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். திடீரென்று ஒன்றுமே அடிக்கவில்லை என்றால்தான் எழுந்து, வெளியூரிலிருந்து யாராவது வந்திருந்தால் அவர்களிடம் போய்க் கேட்கிறேன்: "உங்களுக்கு ஏதாவது நாத்தம் வருதா?"